தீவைவிட மூத்த மரபு

மாஜுலியைப் பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகளை இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். ஒன்று, பெருமை: உலகின் மிகப் பெரிய ஆற்றுத்தீவு, இந்தியாவின் முதல் ஆற்றுத்தீவு மாவட்டம். மற்றொன்று, இரங்கல்: இன்னும் சில பத்தாண்டுகளில் பிரம்மபுத்திராவுக்குள் மறைந்துவிடப் போகிற நிலம். பெரும்பாலும் ஒரே கட்டுரையின் முதல் பத்தியில் பெருமையும் கடைசிப் பத்தியில் இரங்கலும் இடம்பெறும். நடுவில் நான்கைந்து வண்ணப் படங்கள். ஒரு முகமூடி, ஒரு மூங்கில் வீடு, ஒரு படகு, ஒரு மாலைச் சூரியன். படித்து முடிக்கும்போது, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 1.67 லட்சம் பேர் வாழ்ந்த ஓர் ஊர்த்தொகுதியைப் பற்றிப் படித்தோம் என்ற உணர்வு மட்டும் நம்மிடம் இருப்பதில்லை.

ஆற்றின் நடுவே அமைந்த நிலத்தைத் தமிழில் ஆற்றிடைக்குறை என்கிறோம். துருத்தி, அரங்கம் என்றும் சொற்கள் உண்டு. ஆற்றிடைக்குறையில் வரும் 'குறை' துண்டு, அறுபட்ட பகுதி என்ற பொருளைத் தருவது. ஆனால் குறைதல் என்ற வினை அதனருகிலேயே நிற்கிறது. ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும் மாஜுலிக்கு இந்தச் சொல் இரு பொருளிலும் பொருந்திவிடுகிறது.

'மாஜுலியைக் காப்பாற்றுங்கள்' என்ற குரல் பல திசைகளிலிருந்தும் கேட்கிறது. எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் எதைக் காப்பது என்ற கேள்வியை அந்தக் குரல்கள் எழுப்புவதில்லை. நிலப்பரப்பையா, மடங்களையா, மனிதர்களையா? மூன்றும் ஒன்றுதானே என்று தோன்றலாம். மாஜுலியின் வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால் அவை ஒன்றல்ல என்பதும், ஒன்றைக் காப்பதற்காகச் செய்யும் காரியம் மற்றொன்றுக்குக் கேடாக முடியக்கூடும் என்பதும் தெரியவரும்.

*

மேல் அசாமில் ஜோர்ஹாட் நகருக்கு வடக்கே இருக்கிறது மாஜுலி. தெற்கே பிரம்மபுத்திரா. வடக்கே சுபன்சிரி ஆறும், கேர்கட்டியா சுதி என்னும் பிரம்மபுத்திராவின் கிளையும். இன்று நாம் காணும் இந்த அமைப்பு ஆதியிலிருந்து இருந்து வந்ததன்று. ஒருகாலத்தில் பிரம்மபுத்திரா இன்றைய மாஜுலிக்கு வடக்கே ஓடியது. தெற்கே ஓடியது திஹிங் ஆறு. இரண்டுக்கும் இடைப்பட்ட நீண்ட நிலமே, இணையாக ஓடும் இரு ஆறுகளுக்கு நடுவிலுள்ளது என்ற பொருளில், மாஜுலி எனப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அடுத்தடுத்து நிலநடுக்கங்கள் நேர்ந்தன. பின்னர் 1750ஐ ஒட்டிப் பதினைந்து நாட்கள் நீடித்ததாகச் சொல்லப்படும் பெருவெள்ளம் வந்தது. பிரம்மபுத்திரா தெற்கே நகர்ந்து திஹிங்கின் பாதையைத் தனதாக்கிக்கொண்டது. அதன் பழைய பாதை மெலிந்து கிளையாறாயிற்று. இன்றைய தீவு அப்படித்தான் உருவானது.

இந்தக் காலக்கணக்கு முக்கியமானது. மாஜுலியின் புகழுக்குக் காரணமான வைணவ மடங்களில் முதன்மையான அவுனியாட்டி 1653இல் நிறுவப்பட்டது. வேறு சில மடங்களும் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றுக்கெல்லாம் தோற்றுவாயான நிகழ்ச்சியோ பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடந்தது. அதாவது, மாஜுலியின் மரபு மாஜுலித் தீவைவிட மூத்தது. 'தீவில் பிறந்த பண்பாடு' என்று நாம் வழக்கமாக எழுதும் தொடர் வரலாற்றின்படி தலைகீழானது. பண்பாடு முன்பே இருந்தது. ஆறு பிறகு வந்து அதைச் சுற்றிக்கொண்டது.

*

பக்தி இயக்கத்தை வகுப்பில் நடத்தும் எங்களைப் போன்றவர்கள் ஆழ்வார் நாயன்மார்களில் தொடங்கி, கன்னட வசனகாரர்கள், மராட்டிய வார்க்கரிகள், வடக்கே கபீர், சூர்தாசர் என்று நகர்ந்து, வங்கத்துச் சைதன்யரோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். சைதன்யருக்கு முப்பத்தேழு ஆண்டுகள் மூத்தவரான சங்கரதேவர் (1449–1568) பெரும்பாலும் விடுபட்டுப்போகிறார். அவர் நிறுவிய ஏகசரண நெறி கண்ணன் ஒருவனையே சரணடையச் சொல்வது. கேட்டலும் பாடுதலுமே அதன் வழிபாடு. அதில் ராதைக்கு இடமில்லை. வழிபாட்டு மன்றத்தின் பீடத்தில் சிலைக்குப் பதிலாக நூலை வைக்கும் வழக்கத்தை அது உண்டாக்கியது. சாந்த்சாய் என்ற முஸ்லிமும் காரோ இனத்துக் கோவிந்தரும் அவருடைய சீடர்களாக இருந்தார்கள்.

சங்கரதேவர் மாஜுலிக்காரர் அல்லர். இன்றைய நகாவ் மாவட்டத்துப் போர்தோவாவில் பிறந்தவர். அரசியல் குழப்பங்களால் சொந்த ஊரை விட்டு, இடம் மாறி மாறி, அகோம் அரசின் எல்லைக்குள் துவாஹாட் பேலகுரியில் வந்து தங்கினார். அங்கேதான், 1522ஐ ஒட்டி, மாதவதேவர் (1489–1596) அவரைச் சந்தித்தார். மாதவதேவர் அப்போது சாக்தர். தேவிக்கு ஆட்டைப் பலியிடுவது குறித்து இருவருக்கும் நீண்ட வாதம் நடந்தது. வாதத்தின் முடிவில் மாதவதேவர் சீடரானார். மணியும் பொன்னும் கூடியது என்ற பொருளில் 'மணிகாஞ்சன சம்யோகம்' என்று அசாமியர் இன்றும் அந்தச் சந்திப்பைக் கொண்டாடுகிறார்கள்.

அதன்பின் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சுமார் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அகோம் அரசின் சினத்துக்கு ஆளாகிச் சங்கரதேவரின் மருமகன் ஹரி கொல்லப்பட்டார். மாதவதேவர் சிறைப்பட்டார். சங்கரதேவர் தம் கூட்டத்தாரோடு மேற்கே கோச் அரசுக்குப் பெயர்ந்தார். தம் வாழ்வின் பிற்பகுதியை அங்கேயே கழித்தார். துவாஹாட்டில் அவர் இருந்த இடத்தைப் பின்னாளில் பிரம்மபுத்திரா எடுத்துக்கொண்டது. மூலவரே நிலைத்துத் தங்காத இடம், மூலமடமே ஆற்றில் போன இடம் மாஜுலி. ஆயினும் மரபு போகவில்லை. அவருக்குப் பின் வந்த சீடர் பரம்பரையினர் அதே நிலப்பகுதிக்குத் திரும்பி வந்து மடங்களை எழுப்பினார்கள்.

*

இந்த மடங்களுக்குச் சத்ரா என்று பெயர். நம் ஊர்ச் சத்திரத்துக்கும் அதற்கும் வேர்ச்சொல் ஒன்றே. பொருள்தான் விலகிப்போயிற்று. நம்முடையது வழிப்போக்கர் ஓரிரவு தங்கும் இடம். அங்கே அது அடியார்கள் வாழ்நாள் முழுக்க வாழும் ஊர். நடுவே நாம்கர் என்னும் நீண்ட பாடல் மன்றம். அதன் கிழக்குக் கோடியில் மணிகூட் என்னும் கருவறை. சுற்றிலும் நான்கு வரிசைகளில் அடியார்களின் குடியிருப்புகள், அவற்றுக்கு ஹாட்டி என்று பெயர். தலைவர் சத்ராதிகார், அடியார்கள் பகத்துகள். துறவு நெறி நிலவும் சத்ராக்களில் சிறுவயதிலேயே சேர்க்கப்படும் பிள்ளைகள் மூத்த பகத்துகளின் அறையில் வளர்ந்து, மத்தளம் போன்ற கோலையும் (அசாமியில் 'கோல்'), போர்கீத் என்னும் பக்திப் பாடல்களையும், ஆட்டத்தையும், சுவடி எழுதுவதையும் கற்கிறார்கள். வேறு சில சத்ராக்களில் பகத்துகள் இல்லறத்தார்.

மேடைக் கலையை வழிபாடாக ஆக்கியதே சங்கரதேவரின் பெரிய சாதனை என்பேன். அவருடைய அங்கீயா நாட் என்னும் ஓரங்க நாடகங்களில் ஆறு இன்று கிடைக்கின்றன. மைதிலியும் அசாமியும் கலந்த பிரஜாவளி என்ற மொழியில் எழுதப்பட்டவை. சூத்திரதாரன் தொடக்கத்தில் வந்து போய்விடாமல் நாடகம் முழுவதும் மேடையிலேயே நின்று, பாடியும் விளக்கியும் கதையை நடத்திச் செல்வான். எழுத்தறியாத குடியானவனுக்குப் பாகவதத்தைக் கொண்டுசேர்க்க இதைவிட நேரான வழி இருந்திருக்க முடியாது. இந்த நாடக நிகழ்த்தலான பாவனாவிலிருந்தும் மடத்துச் சடங்குகளிலிருந்தும் வளர்ந்ததே சத்ரியா நடனம். 1958இல் தில்லியில் நடந்த தேசிய நடனக் கருத்தரங்கில் அறிஞர் மகேஸ்வர் நியோக் அதைப் பற்றி விளக்க, கமலாபாரி சத்ராவின் மணிராம் தத்தா முக்தியார் ஆடிக் காட்டினார். அதைச் செவ்வியல் நடனமாகச் சங்கீத நாடக அகாதமி ஏற்றுக்கொண்டதோ 2000ஆம் ஆண்டில்தான். அதற்குள் அந்த ஆட்டம் மடத்து ஆண்களின் கையிலிருந்து நகரத்துப் பெண்களின் மேடைக்கும் வந்துவிட்டிருந்தது. அதை இழப்பு என்பவர்கள் உண்டு. ஐந்நூறாண்டுகள் காத்த கலை அடுத்த ஐந்நூறாண்டுகளுக்குத் தயாரானது என்றே நான் கொள்கிறேன்.

மாஜுலியில் முன்பு அறுபதுக்கு மேற்பட்ட சத்ராக்கள் இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது எஞ்சியவை இருபத்திரண்டு என்பது பரவலாக வழங்கும் கணக்கு. அவுனியாட்டியில் அகோம் காலத்துப் பாத்திரங்களும் அணிகலன்களும் கொண்ட அருங்காட்சியகம் இருக்கிறது. தக்கிண்பாட்டும் கரமூரும் கார்த்திகைப் பௌர்ணமி ராஸ் விழாவுக்குப் பெயர்பெற்றவை. கமலாபாரியும் உத்தர கமலாபாரியும் ஆடலுக்கு. சாமகுரி முகமூடிகளுக்கு. மூங்கிலைப் பிளந்து பின்னிய கூட்டின்மேல் களிமண் குழம்பில் தோய்த்த துணியைப் போர்த்தி, களிமண்ணும் சாணமும் சேர்த்து முகத்தை உருவாக்கி, காய்ந்தபின் வண்ணம் தீட்டுகிறார்கள். சில முகமூடிகளில் தாடை அசையும். சாமகுரியின் ஹேம்சந்திர கோஸ்வாமிக்கு 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. மாஜுலி முகமூடிக்கும் மாஜுலிச் சுவடி ஓவியத்துக்கும் 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பெங்கேனாட்டி சத்ராவில் அகோம் அரசர் கதாதர சிங்கருடையதாகக் கருதப்படும் பொன்னிழை உடை ஒன்று பாதுகாக்கப்படுகிறது. இந்தக் கதாதர சிங்கர் (ஆட்சிக்காலம் 1681–1696) சத்ராக்களின் செல்வாக்கைக் கண்டு அஞ்சி, அவற்றைக் கடுமையாக ஒடுக்கியவர். அவருக்கு முந்தைய ஜயத்வஜ சிங்கர் நிலமும் ஆளும் கொடுத்து மடங்களை வளர்த்தவர். வளர்த்த அரசும் ஒடுக்கிய அரசும் போயின. ஒடுக்கியவரின் உடையை ஒடுக்கப்பட்ட மரபு பத்திரமாக வைத்திருக்கிறது. 1769இல் மயாமரா சத்ராவின் சீடர்கள் தொடங்கிய கிளர்ச்சி அகோம் அரசையே ஆட்டிவைத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சத்ராக்களை அமைதியான தியானக் கூடங்களாக மட்டும் வருணிக்கும் சுற்றுலாக் கையேடுகள் எவ்வளவு குறைவாகச் சொல்கின்றன என்பது விளங்கும்.

இவற்றையெல்லாம் எதைக் கொண்டு செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மரம், மூங்கில், வைக்கோல், களிமண், அகில் மரத்தின் பட்டையிலிருந்து செய்யும் சாஞ்சிப் பட்டை ஏடு. வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு போகத்தக்கவை, அல்லது வெள்ளம் வடிந்தபின் மீண்டும் செய்துகொள்ளத்தக்கவை. வழிபடு பொருளே ஒரு நூல். நூலைத் தலையில் சுமந்து கரையேறிவிடலாம். கரை அரிக்கப்பட்டபோதெல்லாம் சத்ராக்கள் உள்நோக்கி நகர்ந்தன. சில ஆற்றைக் கடந்து பிற கரைகளுக்கும் போயின. போன இடத்தில் அதே பெயர், அதே பாட்டு, அதே முறை. மடத்துக்கு நிலம் தேவைதான். ஆனால் இன்ன நிலம் என்ற கட்டாயம் அதற்கு இருக்கவில்லை.

*

மடத்தைப் பற்றிச் சொன்னது எல்லாருக்கும் பொருந்தாது. மாஜுலி என்றவுடன் சத்ராக்களைப் பேசுவது நமக்கு எளிது. மக்கள்தொகையில் பெரும்பங்கினரான மிசிங் பழங்குடியினரைப் பேசுவது குறைவு. சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. அருணாசல மலைகளிலிருந்து சமவெளி ஆற்றங்கரைகளுக்கு இறங்கி வந்தவர்கள் இவர்கள். தூண்கள்மேல் எழுப்பிய சாங்கர் என்னும் மூங்கில் வீடுகளில் வாழ்கிறார்கள். தரையை வெள்ளத்துக்கு விட்டுக்கொடுத்து அதற்கு மேலே வாழும் வீடு அது. பாகுண மாதத்து முதல் புதன்கிழமை அலி-ஆய்-லிகாங் என்ற விதைப்பு விழாவைக் கொண்டாடுகிறார்கள். வெள்ளம் ஏற ஏறத் தானும் உயரும் பாவோ நெல் இந்த நிலத்தின் பயிர்களில் ஒன்று. வெள்ளம் விட்டுச்செல்லும் வண்டல் அடுத்த ஆண்டின் விளைச்சல். வெள்ளத்தைப் பகையாக மட்டும் காணும் பார்வை இவர்களுடையது அல்ல. அவர்கள் அஞ்சுவது அரிப்புக்கு. வெள்ளம் வந்தால் வடிந்துவிடும். அரிப்பு கொண்டுபோன நிலம் திரும்பி வராது.

சத்ராக்களுக்கும் பழங்குடியினருக்கும் இடையிலான உறவு எப்போதும் சமமாக இருந்ததென்று சொல்வதற்கில்லை. சாதி ஏற்றத்தாழ்வை மறுத்துத் தொடங்கிய நெறிக்குள் காலப்போக்கில் சாதி வந்து அமர்ந்துகொண்ட கதை நமக்குப் புதிதன்று. கரமூர் சத்ராதிகார் பீதாம்பர தேவ கோஸ்வாமி (1885–1962) அதை எதிர்த்துப் பழங்குடியினருக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் சத்ராவைத் திறந்துவிட்டார். விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். ஒரு மடாதிபதி தம் மடத்தைத் திருத்திய அரிய நிகழ்ச்சி அது. மாஜுலியின் அடையாளச் சின்னங்களில் அதையும் ஒன்றாக எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

தீவின் தென்கிழக்கில் சால்மோரா என்ற ஊர்ப்பகுதி. இங்குள்ள குயவர்கள் சக்கரமின்றிக் கையாலேயே பானை வனைகிறார்கள். கரையோரத்தில் குழி தோண்டி, ஆழத்திலுள்ள ஒட்டுக்களிமண்ணை எடுப்பார்கள். சுட்ட பானைகளைப் படகில் ஏற்றி, ஆற்றுவழியே ஊர் ஊராகப் போய், நெல்லுக்கும் பிற பண்டங்களுக்கும் மாற்றிக்கொள்வது நெடுநாள் வழக்கம். கரையைத் தோண்டுவது அரிப்பைத் தூண்டும் என்பதால், அரிப்புத் தடுப்புப் பணிகளையொட்டி அந்தத் தோண்டலுக்குக் கட்டுப்பாடு வந்தது. பொறியியல் நோக்கில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் மண் இல்லாத குயவன் எப்படிக் குயவனாக இருப்பான்? தீவைக் காப்பதற்காகத் தீவின் ஒரு தொழிலைத் தடுக்க வேண்டியிருக்கிறது. நிலப்பரப்பும் மனிதர்களும் ஒன்றல்ல என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

*

1950 ஆகஸ்டு 15 அன்று மாலை, சுதந்திரத்தின் மூன்றாம் ஆண்டு நிறைவு நாளில், அசாம்-திபெத் எல்லையில் 8.6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. மலைகள் சரிந்தன. சுபன்சிரியின் குறுக்கே சரிந்த மண் தடுப்பு சில நாட்களில் உடைந்து பெருவெள்ளமாக இறங்கியது. கோடிக்கணக்கான டன் மண்ணும் கல்லும் ஆறுகளில் கலக்க, பிரம்மபுத்திராவின் படுகை உயர்ந்தது. ஆழம் குறைந்த ஆறு அகலம் தேடியது. மாஜுலியின் கரைகள் கரைய ஆரம்பித்தது அந்தக் காலத்திலிருந்துதான். ஐம்பதுகளிலிருந்து எழுந்த மண் கரைகள் வெள்ளத்தை ஓரளவு தடுத்தன. உடைந்தபோது முன்னைவிடக் கூடுதலாக அழித்தன. வயலில் படிய வேண்டிய வண்டலையும் ஆற்றிலேயே நிறுத்திவைத்தன.

பரப்பளவு எவ்வளவு குறைந்தது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 1,250 சதுர கிலோமீட்டர் என்பார்கள். 2016இல் கின்னஸ் நூல் மாஜுலியை மிகப் பெரிய ஆற்றுத்தீவு என்று பதிவு செய்தபோது காட்டிய அளவு 880. பிரம்மபுத்திரா வாரியத்தின் கணக்கோ 2004இல் சுமார் 502, 2016இல் சுமார் 524. எந்த மணல்திட்டைத் தீவோடு சேர்ப்பது, எதை விடுவது, எந்த மாதத்தில் அளப்பது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. உலகிலேயே பெரியது என்ற பட்டம்கூட ஆற்றுத்தீவுக்கு என்ன இலக்கணம் கொள்கிறோம் என்பதைப் பொறுத்ததே. பிரேசிலின் பனனால் தீவு இதைவிடப் பல மடங்கு பெரியது. இந்த எண் விளையாட்டில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஓரிடத்தில் அரித்த மண் வேறிடத்தில் திட்டாகப் படிந்தால் கூட்டுத்தொகை சரியாகிவிடும். நிலம் இழந்த குடும்பத்துக்கு அந்தத் திட்டு சொந்தமாகிவிடுமா? பட்டாவில் இருந்த வயல் ஆற்றில் போனது. புதிதாக எழுந்த மணல் அரசுடையது. சதுர கிலோமீட்டர்க் கணக்கில் இழப்பே இல்லாதபோதும் ஒருவன் எல்லாவற்றையும் இழந்திருக்க முடியும்.

இந்த இடத்தில் சஞ்சய் கோஷை நினைக்காமல் இருக்க முடியாது. ராஜஸ்தானில் கிராமப்புறப் பணிகளால் அறியப்பட்டவர். 1996இல் தம் நண்பர்களோடு மாஜுலிக்கு வந்தார். கிராம மக்களின் தன்னார்வ உழைப்பைத் திரட்டி, உள்ளூரில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கரையின் ஒரு பகுதியைக் காக்கும் வேலையைச் செய்து காட்டினார். வெள்ளத் தடுப்புப் பணத்தில் பிழைப்பவர்களுக்கு இது உவப்பாக இருந்திருக்காது. 1997 ஜூலை 4 அன்று உல்ஃபா அமைப்பினர் அவரை மாஜுலியில் கடத்திச் சென்று கொன்றார்கள். அவருக்கு வயது முப்பத்தேழு. அவர் செய்து காட்டியது பெரிய பொறியியல் அல்ல. அரிப்பைத் தடுக்கும் வேலையில் அரிப்புக்கு ஆளாகிறவர்களுக்கும் ஒரு சொல் உண்டு என்பதே. அதற்குப் பிறகு மணல் நிரப்பிய பெரும் பைகள், முள்ளம்பன்றி என்று பெயரிடப்பட்ட கான்கிரீட் சட்டங்கள் எனப் பல வந்தன. 2017இல் 233 கோடி ரூபாய்த் திட்டமும் தொடங்கப்பட்டது. இவற்றால் சில இடங்களில் கரை நின்றிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கரையை முதலில் காப்பது, எதைக் கைவிடுவது என்ற முடிவு ஊரில் எடுக்கப்படுவதில்லை.

*

மாஜுலிக்கு வந்த அங்கீகாரங்களையும் இதே நோக்கில் பார்க்கலாம். 2004இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தது. அதன்பின் உலக மரபுச் சின்னமாக்கும் முயற்சிகள் ஈடேறவில்லை. 2016இல் தனி மாவட்டமானது. மாவட்டம் ஆனதை வெறும் பெருமையாகக் கருதுவது தவறு. அதுவரை மாவட்ட அலுவலகம் சார்ந்த காரியங்களுக்கு ஆற்றைக் கடந்து ஜோர்ஹாட் போக வேண்டியிருந்தது. நிமாட்டி படகுத்துறையிலிருந்து கடைசிப் படகு மாலையிலேயே போய்விடும். அதன்பின் பிரசவ வலி வந்தாலும் நெஞ்சுவலி வந்தாலும் விடியும்வரை ஆறுதான் தடை. 2021 செப்டம்பர் 8 அன்று நிமாட்டி அருகே இரு படகுகள் மோதி ஒன்று கவிழ்ந்தபோது நாடு ஒருநாள் அதிர்ந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஜோர்ஹாட்-மாஜுலி பாலத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டிருந்தது.

பாலம் வந்தால் தீவின் தனித்தன்மை போய்விடும் என்று கவலைப்படும் பண்பாட்டு அன்பர்களை நான் அறிவேன். அந்தக் கவலைக்கு ஒரே ஒரு பதில்தான் சொல்லத் தோன்றுகிறது: தீவாக ஆவதற்கு முன்பே இருந்த மரபு, தீவாக இல்லாமல் போவதால் அழிந்துவிடாது. நோயாளியை வைத்துக்கொண்டு படகுக்குக் காத்திருப்பவரிடம் தனித்தன்மையைப் பற்றிப் பேச நமக்கு உரிமை கிடையாது.

இதற்கு நேர்மாறான வாதமும் உண்டு. ஆறு கொடுத்தது, ஆறே எடுத்துக்கொள்கிறது. மரபுதான் இடம்பெயரும் ஆற்றல் உடையதாயிற்றே, மக்களும் பெயர்ந்து போகட்டும் என்பது அது. நான் மேலே சொன்னதை வைத்தே இந்த வாதத்தைக் கட்டிவிடலாம் என்பதால் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. சத்ரா பெயர்ந்தபோது அதற்குச் சீடர்கள் இருந்தார்கள். போகும் இடத்தில் நிலம் கொடுக்கவும் மன்றம் எழுப்பவும் கைகள் இருந்தன. மிசிங் குடியானவனுக்கும் சால்மோராக் குயவனுக்கும் அப்படி யார் இருக்கிறார்கள்? கரைமேட்டில் கூரை போட்டுப் பத்து இருபது ஆண்டுகளாக வாழும் குடும்பங்களின் இடப்பெயர்வை மரபின் நெகிழ்வு என்று அழகுபடுத்துவது கொடுமை. சுபன்சிரியின் மேற்பகுதியில் 2,000 மெகாவாட் அணைத் திட்டம் 2011 இறுதியில் போராட்டங்களால் நின்று, 2019இல் மீண்டும் தொடர்ந்தது. அணையிலிருந்து நீர் திறக்கும் நேரமும் அளவும் இனி மாஜுலியின் வெள்ளத்தில் ஒரு பங்கு வகிக்கும். ஆகவே எல்லாவற்றையும் இயற்கையின் கணக்கில் எழுதிவிடுவதும் இனி நேர்மையாகாது.

நெடுங்காலம் நம் பேரிடர் நிவாரண விதிகள் வெள்ளத்தைப் பேரிடராக ஏற்றன, ஆற்றரிப்பை ஏற்கவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவனுக்கு நிவாரணம் உண்டு. வீடு நின்ற மண்ணே போனவனுக்கு அதே உரிமையில்லை. 2021–26 காலத்துக்கான பதினைந்தாவது நிதி ஆணையம் அரிப்பால் பெயர்ந்தவர்களின் மறுகுடியமர்வுக்கென்று நிதி ஒதுக்கப் பரிந்துரைத்தது, காலம் கடந்தேனும் நேர்ந்த நல்ல மாற்றம். அது பணமாக மட்டும் நின்றுவிடாமல் நிலமாக மாற வேண்டும். ஒரே ஊரார் ஒரே இடத்தில் குடியேறும் வகையில் அந்த நிலம் அமைய வேண்டும். குயவருக்குக் களிமண்ணும் மிசிங்கினருக்கு ஆற்றங்கரையும் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். சத்ரா பெயர்ந்தபோது தன் பாட்டையும் கூட்டத்தையும் சேர்த்தே கொண்டுபோனது. எளிய மக்களுக்கும் அந்த வாய்ப்பைக் கொடுப்பதுதான் மாஜுலியைக் காப்பது என்று நான் கருதுகிறேன்.

முகமூடிக்குக் குறியீடு கிடைத்தது, சுவடிக்குக் கிடைத்தது, தீவுக்குக் கின்னஸ் பதிவு கிடைத்தது. நல்லதுதான். அடுத்த மழைக்காலத்திலும் மாஜுலி இத்தனை சதுர கிலோமீட்டர் சுருங்கிவிட்டது என்றோ வளர்ந்துவிட்டது என்றோ ஒரு செய்தி வரும். அதைப் படிக்கும்போது அந்த எண்ணுக்கு அடுத்த எண்ணையும் கேட்போம். எத்தனை குடும்பங்கள் நிலமிழந்தன, அவர்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள்?